கொதிக்கும் முன்னே கல்லைப் போடு

கல்லூரிகளில் பிராக்டிகல் தொடங்கிவிட்டது. வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பகுதி, குடுவைக்குள் போடும் பாய்லிங் ஸ்டோன் பற்றியவை. மிளகு அளவே உள்ள ஒரு பொருளைப் பற்றி இத்தனை பேர் கேட்டிருப்பது மகிழ்ச்சி தருகிறது. கண்ணே போகக்கூடிய விஷயம் இது. ஆகவே இந்த வாரப் பக்கம் முழுவதும் அந்தக் கல்லுக்கே.

கேள்வி: குடுவையில் வெறும் தண்ணீர்தானே கொதிக்கிறது. அதில் எதற்குக் கல்? (முதலாமாண்டு பி.எஸ்சி. மாணவி, திண்டுக்கல்)

பதில்: சூடு மட்டும் போதாது, குமிழி பிறக்க ஓர் இடமும் வேண்டும். தண்ணீர் 100 டிகிரியைத் தொட்டதும் தானாகக் கொதித்துவிடும் என்று பள்ளியில் படித்தோம். அது பாதி உண்மை. நீருக்கு நடுவே ஒரு குமிழி உண்டாக வேண்டுமானால், சுற்றியிருக்கும் நீரை அது விலக்கித் தள்ள வேண்டும். நீரின் பரப்பு இழுவிசையோ அதை நாலாபுறமும் அமுக்குகிறது. குமிழி சிறுக்கச் சிறுக்க அந்த அமுக்கம் கூடும். ஆரம் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு உள்ள குமிழி நசுங்காமல் நிற்க, அதற்குள் இருக்கும் ஆவி வெளிக் காற்றழுத்தத்தைப் போல இரு மடங்குக்கு மேல் தள்ள வேண்டும். அதற்கு நீர் 120 டிகிரியைத் தாண்டியாக வேண்டும். ஆரம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால், 100 டிகிரிக்கு மேல் மூன்றில் ஒரு டிகிரி போதும். குமிழிக்கு வளர்வது எளிது, பிறப்பதுதான் பெரும்பாடு.

கல்லின் நுண்துளைகளில் காற்று அடைபட்டிருக்கிறது. அது ஏற்கெனவே பிறந்துவிட்ட குமிழி. ஆவி அதற்குள் புகுந்து ஊதிப் பெரிதாக்கும். பெரிதானது பிரிந்து மேலே போகும். துளைக்குள் கொஞ்சம் வாயு மிச்சம் நிற்கும். அதிலிருந்து அடுத்த குமிழி. இப்படிச் சரம் சரமாக எழும்பினால் சூடு தேங்காது, கொதி சீராக நடக்கும். உண்மையில் வேலை செய்வது கல்லுக்குள் இருக்கும் காற்றுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் விதிகள் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

கேள்வி: கல் போடாவிட்டால் என்ன, குடியா முழுகிவிடும்? எங்கள் சீனியர்கள் போடுவதேயில்லை. (விடுதி மாணவர், திருச்சி)

பதில்: பல நாள் ஒன்றும் ஆகாது. அந்தப் பல நாள்தான் உங்கள் சீனியர்களுக்குத் தைரியம் கொடுத்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வழவழப்பான புதுக் குடுவையில் 250 மில்லி நீர். கொதிக்க வேண்டிய நிலையைத் தாண்டி 5 டிகிரி கூடுதலாகச் சூடேறியும் கொதிக்காமல் நிற்கிறது. அந்த 5 டிகிரியில் தேங்கிய வெப்பம் ஏறத்தாழ 5,200 ஜூல். ஒரு கிராம் நீரை ஆவியாக்க 2,257 ஜூல் வேண்டும். ஆக, குமிழி பிறந்த கணத்தில் இரண்டு கிராமுக்குச் சற்று அதிகமான நீர் ஆவியாகும். மொத்த நீரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்த ஆவி கிட்டத்தட்ட 4 லிட்டர் இடம் கேட்கும். உங்கள் குடுவையின் கொள்ளளவோ அரை லிட்டர். மீதி நீரையும் தூக்கிக்கொண்டு அது கழுத்து வழியே வெளியேறும். ஆய்வகத்தில் இதை பம்பிங் என்கிறோம்.

உள்ளே நீருக்குப் பதில் அமிலம் இருந்தால் யார் முகத்தில், எரியும் கரைப்பான் இருந்தால் எந்த பர்னர் மீது என்பது மட்டும்தான் அப்போது மிச்சமிருக்கும் கேள்வி. சீனியர்களிடம் கற்றுக்கொள்ள நல்லவை நிறைய இருக்கும். இது வேண்டாம்.

கேள்வி: ஒரு குடுவைக்கு எத்தனை கல்? (மாணவர், மதுரை)

பதில்: இரண்டு அல்லது மூன்று. அள்ளிப் போடுவதால் கொதி இன்னும் சீராகிவிடாது. உங்கள் சேர்மம்தான் துளைகளில் ஒட்டிக்கொண்டு வீணாகும்.

கேள்வி: போட மறந்துவிட்டேன். சூடேறிய பிறகு போடலாமா? (இரண்டாமாண்டு மாணவி, தஞ்சாவூர்)

பதில்: கூடவே கூடாது. அந்தக் கூடுதல் 5 டிகிரி நீர், ஒரே ஒரு குமிழிக்காகக் காத்திருக்கிறது. நீங்கள் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள். அதுவும் மூடியைத் திறந்து, குடுவையின் வாய்க்கு நேராகக் குனிந்து. ஆய்வக விபத்துகளில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். அலட்சியமாக இருந்த பிள்ளைக்கு இது நேர்வதில்லை. மறந்ததை நினைவுவந்து சரிசெய்யப் போன பொறுப்பான பிள்ளைக்குத்தான் நேர்கிறது.

முதலில் சூட்டை நிறுத்துங்கள். ஹீட்டிங் மேன்டில் என்றால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, கீழே இறக்கி விலக்கிவிடுங்கள். அணைத்த பிறகும் அது சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். குடுவையை ஆட்டாதீர்கள், தட்டாதீர்கள். கொதிநிலைக்கு 20, 30 டிகிரியாவது கீழே இறங்கட்டும். கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறினால் இன்னும் நல்லது. ஈதர் 35 டிகிரிக்குள்ளேயே கொதிப்பது, ஆகவே அதை ஐஸ் தண்ணீரில் வைத்துக் குளிர்விக்க வேண்டும். அப்புறம் கல்லைப் போட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். அரை மணி நேரம் போகும். போகட்டும். நேரமாகிவிட்டதே என்று பதறும் மாணவியை "மெதுவாகச் செய்யம்மா" என்று சொல்லும் ஆசிரியர்தான் நல்ல ஆசிரியர்.

கேள்வி: நேற்றுப் போட்ட கல்லைக் கழுவி இன்று போடலாமா? சிக்கனம் பார்க்கச் சொல்கிறார்கள். (ஆய்வக உதவியாளர், விருதுநகர்)

பதில்: சிக்கனத்துக்கு வேறு இடம் பாருங்கள் ஐயா. கொதி அடங்கியதும் துளைக்குள் இருக்கும் ஆவி குளிர்ந்து நீராகச் சுருங்கும். காலியான அந்த இடத்துக்குள் வெளியிலிருக்கும் திரவம் புகுந்துகொள்ளும். காற்று போய்விட்டது, கல் மட்டும் மிச்சம். கழுவினாலும் மேற்பரப்புதான் சுத்தமாகும். நேற்றைய சேர்மம் உள்ளே உட்கார்ந்திருந்து இன்றைய சோதனையைக் கெடுக்கும்.

இதே காரணத்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோதனை நடுவில் கரண்ட் போகிறது, குடுவை ஆறுகிறது, கரண்ட் திரும்ப வருகிறது. கல் உள்ளே கிடப்பது கண்ணுக்குத் தெரிவதால் எல்லாரும் அப்படியே சூடேற்றிவிடுகிறார்கள். அந்தக் கல் செத்த கல். ஆறிய குடுவையில் புதிதாக இரண்டு போட்ட பிறகே சுவிட்சைத் தொடுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளிக்குக் கடையில் விற்கும் கல் வருவதில்லை. மண்சட்டித் துண்டு, பீங்கான் தட்டு, ஜல்லி, சலவைக்கல் இவற்றில் எது உதவும்? (அறிவியல் ஆசிரியை, தென்காசி அருகே)

பதில்: வசதி இல்லை என்று சோதனையைக் கைவிடாமல் வழி தேடுகிறீர்கள், அதற்கு முதலில் வணக்கம். மெருகிடாத பீங்கான் துண்டு பழைய செய்முறை நூல்களே சொல்லும் பொருள்தான். ஆனால் சாப்பாட்டுத் தட்டின் மேல் கண்ணாடிப் பூச்சு இருக்கும். உடைந்த சொரசொரப்பான விளிம்பு மட்டும் ஓரளவு உதவும்.

வெறும் நீரைக் கொதிக்கவைத்துக் காட்டும் வகுப்புக்கு மண்சட்டித் துண்டு போதும். கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். ஈரத்துளையில் காற்று ஏது? அமிலச் சோதனைக்கு மண்சட்டி ஆகாது. அதிலுள்ள இரும்பும் சுண்ணாம்பும் கரைந்து வரும், துண்டும் உதிரும். ஜல்லி வேண்டவே வேண்டாம். கருங்கல்லில் துளை குறைவு, கனம் அதிகம், கண்ணாடியில் விழுந்தால் விரிசல். சலவைக்கல் துண்டு நீரில் பரவாயில்லை. அமிலத்தில் போட்டால் கார்பன் டை ஆக்சைடாக நுரைத்துக் கல்லே கரைந்து காணாமல் போகும். எரிமலையிலிருந்து வரும் ப்யூமிஸ் எனும் நுரைக்கல் கிடைத்தால் நல்லது, அது முழுக்கத் துளை.

என்றாவது வாங்க முடிந்தால் இரண்டு வகை போதும். வெள்ளையாக இருக்கும் அலுமினா பொதுவான வேலைக்கு. கறுப்பாக மினுங்கும் சிலிகான் கார்பைடு, அதாவது சாணைச் சக்கரத்தில் இருக்கும் அதே கார்போரண்டம், அமிலத்துக்கும் தாக்குப்பிடிக்கும். கடுமையான காரம் பீங்கானை மெல்ல அரிக்கும் என்பதால் பெரிய ஆய்வகங்களில் அதற்கு டெஃப்லான் துண்டு போடுவார்கள். அதை 260 டிகிரிக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. எந்தக் கல்லானாலும் மேலிருந்து போடாமல், குடுவையைச் சாய்த்து அதன் சுவரோரம் வழுக்கி இறங்க விடச் சொல்லுங்கள்.

கேள்வி: கழிவுநீரில் சி.ஓ.டி. (வேதி ஆக்சிஜன் தேவை) சோதனை செய்கிறோம். கண்ணாடி மணி போடுவது சரியா? (நீர்ப் பரிசோதனைக்கூட ஊழியர், ராணிப்பேட்டை)

பதில்: சரிதான், அந்தச் சோதனைக்குக் கண்ணாடி மணி வழக்கமானது. பொட்டாசியம் டைக்ரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் சேர்ந்து இரண்டு மணி நேரம் கொதிக்கும் கலவை அது. தெறித்தால் தோலும் போகும், கண்ணும் போகும். மணி வழவழப்பாக இருப்பதால் நுண்துளைக் கல் அளவுக்கு உதவாது. ஆகவே சூட்டை மெல்ல ஏற்றுங்கள். அதைவிட முக்கியம், சூடேற்றும் முன் நன்றாகக் கலக்குவது. கனமான அமிலம் அடியில் தனி அடுக்காக நின்றால் அந்த இடம் மட்டும் சூடேறிப் பீறிடும். எந்த மணியும் காப்பாற்றாது.

மணியின் சுத்தத்தையும் பாருங்கள். அதில் ஒட்டியிருக்கும் அழுக்கும் டைக்ரோமேட்டைத் தின்னும், அது கழிவுநீரின் கணக்கில் ஏறும். பாலாற்றங்கரையில் நீங்கள் எழுதும் அந்த எண்ணை நம்பி இருப்பவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: வேக்குவத்தில் காய்ச்சி வடிக்கும்போது கல் போட்டும் பம்ப் ஆகிறது. ஏன்? (ஆராய்ச்சி மாணவர், கோவை)

பதில்: திரவத்துக்கு முன்னால் உங்கள் வேக்குவம் பம்ப் கல்லில் இருந்த காற்றைத்தான் உறிஞ்சிவிட்டது. குறைந்த அழுத்தத்தில் கல்லை நம்பாதீர்கள். காந்தக் கலக்கி போடுங்கள். பழைய முறையில், முடி போல இழுத்த மெல்லிய கண்ணாடிக் குழாயைத் திரவத்தின் அடிவரை இறக்கி, அதன் வழியே காற்றையோ நைட்ரஜனையோ நூல் போல விடுவார்கள். குமிழியை வெளியிலிருந்தே ஊட்டும் அருமையான ஏற்பாடு அது. ரோட்டரி எவாப்பரேட்டரில் குடுவையே சுழல்வதால் கல் தேவையில்லை. ஆனால் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், வேக்குவத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள்.

கேள்வி: அப்படியானால் காந்தக் கலக்கி இருக்கும் இடத்தில் கல்லுக்கு வேலையே இல்லையா? (அதே ஊரிலிருந்து இன்னொருவர்)

பதில்: பெரும்பாலும் இல்லை. கலக்கி நின்றுவிட்டால் உண்டு.

கேள்வி: நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும் என்பதை முதலில் கவனித்தவர் யார்? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்)

பதில்: இதைப் பொறுமையாக ஆராய்ந்தவர்களில் முன்னோடி, ஜெனீவாவின் ழான் ஆந்த்ரே தெலுக். தெர்மாமீட்டருக்கு நம்பகமான அளவுப்புள்ளி வேண்டும் என்பதற்காக நீரின் கொதிநிலையைத் துருவிய மனிதர். நீரில் கரைந்திருக்கும் காற்று கொதிப்பில் குழப்பம் செய்கிறது என்று ஐயப்பட்டார். காற்றை வெளியேற்ற என்ன செய்தார் தெரியுமா? நீர் நிரப்பிய குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு வாரம் குலுக்கினார். தூங்கும்போதும், வெளி வேலையாகப் போகும்போதும், இரண்டு கையும் தேவைப்படும்போதும் மட்டுமே கீழே வைத்தார். அப்படிக் காற்று நீங்கிய நீரைச் சூடேற்றியபோது அது 112 டிகிரி வரை கொதிக்காமல் நின்று, பிறகு வெடித்தது போலப் பொங்கியது. 1772-இல் அவர் வெளியிட்ட நூலில் இதெல்லாம் இருக்கிறது.

அடுத்து 1812-இல் பாரிஸின் கே-லுசாக். கண்ணாடிப் பாத்திரத்தில் நீர் 101.2 டிகிரியில் கொதிப்பதையும், உலோகப் பாத்திரத்தில் சரியாக 100-இல் கொதிப்பதையும் அளந்தார். கண்ணாடிப் பாத்திரத்துக்குள் கண்ணாடித் தூளைப் போட்டார், 100.3-க்கு இறங்கியது. இரும்புத் தூளைப் போட்டார், 100-க்கே வந்தது. இன்று நம் மாணவர்கள் குடுவைக்குள் போடும் கல்லின் தத்துவம் முழுக்க அந்த மூன்று எண்களில் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் "கொதித்தலைச் சீராக்கக் கல் சேர்க்கவும்" என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். நான்கு வாரம் குலுக்கிய மனிதரைப் பற்றி இன்னொரு வரி சேர்த்தால் அந்தக் கல்லை ஒரு பிள்ளையும் மறக்காது.

கேள்வி: இட்லிப் பானைத் தண்ணீரில் காசு போடுவார் என் மாமியார். இதுவும் அதுதானா? (இல்லத்தரசி, சேலம்)

பதில்: அது வேறு, அம்மா. காசின் அடியில் ஆவி சேர்ந்து தூக்கித் தூக்கிப் போடுவதால் கடகடவென்று சத்தம் வரும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது, ஊற்ற வேண்டும். மூடியைத் திறக்காமலே அடியில் நடப்பதைத் தெரிந்துகொள்ளும் வழி அது. மாமியாருக்கு என் வணக்கம். கொதி சீராக வேண்டும் என்பதற்காகச் சமையலறையில் எதுவும் போட வேண்டியதில்லை. தினம் தேய்த்துக் கழுவும் பாத்திரத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் ஏராளம். காற்று அங்கேயே தங்கியிருக்கும்.

கேள்வி: பால் பொங்கி வழியாமல் இருக்க அந்தக் கல்லைப் போடலாமா? (இல்லத்தரசி, கடலூர்)

பதில்: வேண்டாம். பால் வழிவது நுரையால். புரதமும் கொழுப்பும் சேர்ந்த ஆடை ஆவியை மூடிப் பிடித்து மேலே தூக்குகிறது. குறுக்கே ஒரு மரக் கரண்டி, சின்னத் தீ, பக்கத்தில் நீங்கள். இரசாயனக் கடையில் வாங்கிய எதுவும் பாலுக்குள் போகக் கூடாது.

கேள்வி: மைக்ரோவேவில் தண்ணீர் வைத்தேன். கொதிக்கவே இல்லை. காபித் தூள் போட்டதும் கப்பே பொங்கி, கை வெந்துவிட்டது. அடுப்பில் இப்படி நடந்ததே இல்லையே? (ஐ.டி. ஊழியர், சென்னை)

பதில்: கை சீக்கிரம் ஆறட்டும். நீங்கள் சந்தித்தது அசல் பம்பிங். அடுப்பில் பாத்திரத்தின் அடிதான் முதலில் சூடாகிறது; அங்கே இருக்கும் கீறல்களில் குமிழி பிறக்கிறது. மைக்ரோவேவில் தண்ணீரே நேராகச் சூடாகிறது, கப்பின் சுவர் அதைவிடக் குளிர்ந்து கிடக்கிறது. கண்ணாடியோ மெருகிட்ட பீங்கானோ என்றால் சுவரும் வழவழப்பு. ஏற்கெனவே காய்ச்சி ஆறவைத்த நீர் என்றால் கரைந்திருந்த காற்றும் போயிருக்கும். ஆக, எங்குமே குமிழிக்கு இடமில்லை. தெலுக் நான்கு வாரம் பாடுபட்டு உருவாக்கிய நிலையை ஒரு மைக்ரோவேவ் சில நிமிடங்களில் நெருங்கிவிடுகிறது. நீங்கள் கொட்டிய காபித் தூளின் ஒவ்வொரு துகளும் காற்றைச் சுமந்துகொண்டு உள்ளே போனது.

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமே இதைப் பற்றி மக்களை எச்சரித்திருக்கிறது. தூளையோ சர்க்கரையையோ சூடேற்றும் முன்பே போடுங்கள். வெறும் வெந்நீர்தான் வேண்டும் என்றால் சுத்தமான ஒரு மரக்குச்சியை உள்ளே நிறுத்தி வையுங்கள். மரத்தின் துளைகள் கல்லின் வேலையைச் செய்யும். தேவைக்கு மேல் நேரம் வைக்காதீர்கள். நின்ற பிறகு கொஞ்ச நேரம் உள்ளேயே இருக்கட்டும். எடுக்கும்போது முகத்தைக் கப்புக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். "கொதிக்கவில்லையே" என்று இரண்டாம் முறை வைப்பதுதான் எல்லாவற்றையும்விட மோசம்.

கேள்வி: தாளிக்கும் எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அப்படி வெடிக்கிறதே? (சமையல் மாஸ்டர், காரைக்குடி)

பதில்: எண்ணெயைவிடத் தண்ணீர் கனம், சொட்டு அடியில் இறங்கும். நாலாபுறமும் வழுவழுப்பான எண்ணெய். குமிழி பிறக்கக் கீறலும் இல்லை, துளையும் இல்லை. 100 டிகிரியைத் தாண்டி அது சூடேறிக்கொண்டே போய்த் திடீரென்று மொத்தமாக ஆவியாகும், மேலேயிருக்கும் எண்ணெயைத் தூக்கி எறியும். 1861-இல் லூயி துஃபூர் என்ற சுவிஸ் அறிஞர் எண்ணெய்களுக்குள் நீர்த்துளியை மிதக்கவிட்டு, அது 178 டிகிரி வரை நீராகவே நிற்பதைக் கண்டார். கறிவேப்பிலையை ஈரம் போகத் துடைத்துவிட்டுப் போடுங்கள் மாஸ்டர், உங்கள் கைகள் எங்களுக்கு வேண்டும்.

கேள்வி: கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஒரு காட்சியகத்தில், பழங்குடியினர் கல்லைக் கொண்டு தண்ணீரைக் கொதிக்கவைத்ததாகப் பார்த்தேன். இதே கல்தானா? (வாசகர், டொரன்டோ)

பதில்: நீங்கள் பார்த்தது ஹெட்-ஸ்மாஷ்ட்-இன் பஃபலோ ஜம்ப்பாக இருக்க வேண்டும், 1981-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம். அங்கே கல்லின் வேலை வேறு. நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய கல்லை, தோல் விரித்து நீர் நிரப்பிய குழிக்குள் போடுவார்கள். கல் சூட்டைச் சுமந்துபோய் நீரைக் கொதிக்கவைக்கும். நொறுக்கிய காட்டெருமை எலும்பிலிருந்து கொழுப்பு மேலே மிதந்து வரும், அதை வழித்தெடுத்துச் சேமிப்பார்கள். நெருப்பில் இட முடியாத பாத்திரத்தில் சமைக்கக் கண்டுபிடித்த பெரிய வழி. எந்தக் கல் வெடிக்கும், எது வெடிக்காது என்ற அறிவும் அதில் அடங்கும். ஆற்றில் கிடந்த கல்லின் துளைகளில் நீர் தங்கியிருந்தால், நெருப்பில் அது ஆவியாகிக் கல்லையே பிளக்கும். ஆற்றுக் கல்லை அடுக்கி அடுப்பு மூட்டும் சுற்றுலா நண்பர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: கெல்டால் சோதனையில் வடிக்கும்போது துத்தநாகத் துண்டு போடுகிறோம். அது எந்தக் கணக்கு? (வேளாண் கல்லூரி மாணவி)

பதில்: நல்ல கணக்கு. அந்தக் குடுவையில் இருப்பது கடும் காரம். துத்தநாகம் அதில் மெல்லக் கரைந்து ஹைட்ரஜன் குமிழிகளை விட்டுக்கொண்டே இருக்கும். காற்று அடைத்த துளைக்குப் பதிலாக, குமிழியைத் தானே தயாரிக்கும் உலோகம். கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் 1883-இல் தந்த முறை இன்றும் தானியத்தில் புரதம் பார்க்கப் பயன்படுகிறது. ஹைட்ரஜன் எரியும் வாயு, பக்கத்தில் தீ வேண்டாம்.

கேள்வி: கொதிக்க வேண்டிய சூட்டில் கொதிக்காமல் நிற்கும் திரவத்தால் நன்மையே கிடையாதா? (பத்தாம் வகுப்பு மாணவர், நாகர்கோவில்)

பதில்: உண்டு தம்பி, நோபல் பரிசு அளவுக்கு உண்டு. அமெரிக்க இயற்பியலாளர் டொனால்ட் கிளேசர் 1952-இல் இந்த ஆபத்தான நிலையையே கருவியாக்கினார். கொதிநிலையைத் தாண்டிய திரவத்தை அழுத்திப் பிடித்து, அழுத்தத்தைச் சட்டென்று தளர்த்தினால் அது குமிழிக்காகத் தவிக்கும். அந்த நேரத்தில் மின்னூட்டம் உள்ள ஒரு துகள் ஊடுருவிப் போனால், போன பாதை நெடுகக் குமிழிகள் பிறக்கும். படம் எடுத்துவிடலாம். கண்ணுக்கே தெரியாத துகளின் வழித்தடம் கோடாகத் தெரியும். முதலில் ஈதர் வைத்து விரல் அளவுக் கண்ணாடியில் செய்தார். பின்னால் வந்த பெரிய கருவிகளில் திரவ ஹைட்ரஜன். 1960-இல் பரிசு வந்தது.

கேள்வி: மகள் கெமிஸ்ட்ரி எடுத்திருக்கிறாள். இதையெல்லாம் படித்தால் பயமாக இருக்கிறது. (தந்தை, புதுக்கோட்டை)

பதில்: பயப்படாதீர்கள், பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். பக்கவாட்டிலும் மறைப்பு உள்ளதாக வாங்குங்கள். கல்லூரி கேட்காவிட்டாலும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பருத்தி உடை, கட்டிய கூந்தல். குடுவையில் பாதி அளவே ஊற்ற வேண்டும், அதன் வாய் யார் பக்கமும் திரும்பியிருக்கக் கூடாது. எல்லாப் பக்கமும் மூடிய அமைப்பைச் சூடேற்றக் கூடாது. அங்கே எத்தனை கல் போட்டாலும் ஆவிக்குப் போக வழியில்லை. கண்டன்சரின் மறுமுனை திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பர்னரைப் பற்ற வைக்க வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக அனுப்புங்கள். கெமிஸ்ட்ரி அருமையான படிப்பு.

கேள்வி: கல்லுக்குள் இருக்கும் காற்றுதான் எல்லாம் என்கிறீர்களே, தீயே இல்லாமல் வீட்டில் இதைச் செய்து பார்க்க முடியுமா? (எட்டாம் வகுப்பு மாணவி, ஈரோடு)

பதில்: முடியும், நீ தீயைத் தொடாமலே. மெருகில்லாத மண்சட்டித் துண்டுகள் இரண்டு எடுத்துக்கொள். ஒன்றை வெயிலில் நன்றாகக் காயவை. இன்னொன்றை அம்மாவிடம் கொடுத்து, தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிடச் சொல். இரண்டு கண்ணாடி டம்ளரில் சோடா ஊற்றி, மேலெழும் குமிழி அடங்கும் வரை பொறு. இப்போது காய்ந்த துண்டை ஒன்றிலும், ஊறிய துண்டைத் துடைக்காமல் மற்றொன்றிலும் மெல்ல இறக்கு. காய்ந்ததிலிருந்து குமிழி சரசரவென்று கிளம்பும். ஊறியதில் வெகுவாகக் குறைந்திருக்கும். சட்டி ஒன்று, சோடா ஒன்று, வித்தியாசம் துளைக்குள் மட்டும். சோடாவைக் குடிக்காதே, அதில் மண் இருக்கும்.